பூஜை போட்ட கம்ப்யூட்டரில் காணாமல் போன நூற்றுப் பதினேழு பேர்

அத்தியாயம் ஏழு

விஜயதசமியன்று காலை எட்டேகாலுக்குத் தீர்த்தம்மாளின் செல்போனுக்குள்ளிருந்து ஓர் ஆண்பிள்ளை அழுதான். அழுகை புறப்பட்ட இடம் பாப்பாரப்பட்டி. வந்து சேர்ந்த இடம் தர்மபுரி. அந்தச் சத்தத்துக்குச் செல்போன் ஓர் அநாவசியச் செலவு என்று இன்னாசிக்குத் தோன்றியது.

தீர்த்தம்மாள் போனை வைக்கும் வரை காத்திருந்து, "யாருங்கக்கா போயிட்டாங்க?" என்று கேட்டான்.

"நூத்திப் பதினேழு பேரு."

இன்னாசி சிலுவை போட்டுக்கொண்டான். "அடப் பாவமே. எந்த ரூட்டு பஸ்ஸு?"

"பஸ்ஸு இல்ல, கம்ப்யூட்டரு. வண்டியை எடு."

தீர்த்தம்மாள் முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீஸ் ஒன்றின் பதிவறையில் வேலை பார்த்தவர். காணாமல் போன கோப்பைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. ஒருமுறை நாற்பது வருஷமாகக் கிடைக்காத ஒரு பட்டாக் கோப்பைத் தேடச் சொன்னார்கள். அவர் வாசற்படியில் நின்று ஒருதரம் மூச்சை இழுத்தார். "வடக்குச் சுவரு, மூணாவது அடுக்கு, பல்லி முட்டைக்குக் கீழ" என்றார். அப்படியே இருந்தது. முட்டை இரண்டு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் உண்டு. அவர் ஓய்வு பெறுகிற நேரத்தில் கோப்புகளெல்லாம் கம்ப்யூட்டருக்குள் குடிபோயிருந்தன. அவரும் பின்னாலேயே போனார். இப்போது சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்ப்யூட்டரில் எது தொலைந்தாலும், மந்திரிக்கிறவரிடம் போவதற்கு முன்னால் தீர்த்தம்மாளை ஒரு வார்த்தை கேட்பது என்று வழக்கமாகிவிட்டது.

இன்னாசி இருபத்திரண்டு வருஷம் தர்மபுரிக்கும் ஏரியூருக்கும் இடையே தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடரியைப் பார்த்தே சொல்லிவிடுவான். ஒருநாள் கண்ணாடியில் தன் பிடரியையே பார்த்துச் சந்தேகம் வந்து வேலையை விட்டுவிட்டான் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். பிடரியைப் பார்க்க இரண்டு கண்ணாடி வேண்டும். பஸ்ஸில் ஒன்றுதான் இருந்தது.

வண்டி கிளம்புவதற்குள் தீர்த்தம்மாள் மறுபடி போன் போட்டு, அழுதவனிடம் மூன்று உத்தரவு கொடுத்தார். "கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க. யாரையும் தொட விடாதீங்க. எதையும் தொடைக்காதீங்க, பொட்டைக் கூட."

"பொட்டை எதுக்குங்கக்கா?" என்றான் இன்னாசி.

"நேத்து ஆயுத பூஜை. இந்த ஜில்லாவுல பொட்டு வைக்காத மெஷினு ஏதாச்சும் இருக்குதா?"

இன்னாசி குனிந்து பார்த்தான். அவனுடைய டி.வி.எஸ். வண்டியின் நெற்றியிலும் குங்குமம் இருந்தது. பக்கத்திலேயே அந்தோணியார் படமும் இருந்தது. இருவருக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை.

*

முத்துராஜின் பிளக்ஸ் கடை பாப்பாரப்பட்டி கடைவீதியில் இருந்தது. ஷட்டரின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. வாசலில் உடைத்த பூசணிக்காயில் முன்சக்கரம் ஏறி, இன்னாசி கடைக்குள் நுழைய வேண்டிய வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நுழைந்தான்.

உள்ளே மூன்று பேர். கண் வீங்கிப்போய்த் தரையில் உட்கார்ந்திருந்தான் முத்துராஜ். அவனுக்கு மேலே, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள் அவன் பெண்டாட்டி மலர்விழி. மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிறைய ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்து, மடியில் கொட்டிய பூஜைப் பொரியை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. பொரியையும் பார்க்கவில்லை.

"வாங்க மேடம்," என்றாள் மலர்விழி. "இதைப் பண்ணவன் யாருன்னு மட்டும் கையைக் காட்டுங்க. அந்தக் கையை நான் ஒடிக்கிறேன். அஞ்சு வெரலையும் தனித்தனியா ஒடிக்கிறேன்."

"ஒடிக்கலாம்மா. மொதல்ல என்ன காணோம்னு சொல்லுங்க."

முத்துராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

நாற்காலியில் இருப்பவர் ஏரியூர் மாதேஸ்வரன். நாளை காலை அவருடைய ஒரே மகள் ஜெயபிரியாவுக்குக் கல்யாணம். இந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில் விழுந்ததால் விஜயதசமிக்கு மறுநாளே முகூர்த்தம் கிடைத்திருக்கிறது. இன்று சாயங்காலம் பெண் அழைப்புக்குள் மண்டப வாசலில் இருபதுக்குப் பத்து பேனர் நிற்க வேண்டும். அதில் நூற்றுப் பதினேழு உறவுக்காரர்களின் முகம். தாய்மாமன் என்றால் தாம்பாளம் அளவு, பங்காளி என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவு, தூரத்து மச்சான் என்றால் இட்லி அளவு. வரிசை மாறக்கூடாது. ஒரு முகமும் விடுபடக்கூடாது. போன வருஷம் ஒரு காதுகுத்து பேனரில் ஒரு சித்தப்பா விட்டுப்போனார். அவர் கோபித்துக்கொண்டு, தன் சோளக்காட்டில் தன் முகத்தை மட்டும் போட்டு இருபதடிக்குப் பேனர் வைத்தார். அது இன்னும் நிற்கிறது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் கிளி வருவதில்லை.

"நூத்திப் பதினேழு மூஞ்சியும் ஒரு மாசமா நான் அலைஞ்சு வாங்கினதுங்க. வத்தல்மலைக்கு ஏறிப்போய் எடுத்தது மட்டும் ஒன்பது. எல்லாம் காணோம். பேனரு ஃபைலும் காணோம்."

"இத்தனை நாளு கெடக்குதே, ஒரு காப்பி எடுத்து வைக்கலியா?" என்றான் இன்னாசி.

"வெச்சா அதையும் எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு..." முத்துராஜ் நிறுத்திக்கொண்டான். தீர்த்தம்மாள் அந்த நிறுத்தத்தைக் கவனித்தார்.

"மறுபடி எல்லாத்தையும் வாட்சப்புல அனுப்பச் சொன்னா?" என்றான் இன்னாசி.

"நூத்திப் பதினாறை எப்படியாச்சும் வாங்கிடலாங்க," என்று முத்துராஜ் குரலைத் தாழ்த்தினான். "அந்த ஒண்ணு..."

அந்த ஒன்று ஜெயபிரியாவின் அம்மா மாதம்மாள். மகளுக்குப் பதினொரு மாதம் ஆகும்போது இறந்துபோனவள். அவளுக்கு இருந்த ஒரே போட்டோ வாக்காளர் அட்டையில் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு, அதிலும் பாதி அழிந்தது. முத்துராஜ் அதை ஸ்கேன் பண்ணி, பத்தொன்பது நாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோடுகோடாகச் சரிசெய்து ஒரு முகமாக்கியிருந்தான். போன வாரம் ஜெயபிரியா வந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கால்மணி நேரம் பார்த்தாள். "மூக்குத்தி எந்தப் பக்கம்ண்ணா?" என்று மட்டும் கேட்டாள். வலது பக்கம். மறுநாளே போய்த் தனக்கும் வலது பக்கம் குத்திக்கொண்டாள்.

"அந்த அட்டையைக் குடுங்க. இன்னொருக்கா ஸ்கேன் பண்ணிக்கலாம்," என்றான் இன்னாசி.

மாதேஸ்வரன் பொரியை நிறுத்தினார். பதில் சொன்னது முத்துராஜ்தான்.

"அது ஆட்டுக்குப் போயிருச்சுங்க. கொடியில காஞ்ச சட்டை, சட்டைப்பையில அட்டை. இவுங்க வூட்டுக் கிடா, பேரு ராக்கெட்டு. லேமினேஷனோட தின்னுருக்குது. எந்த ஆடுன்னு நான் கேட்டுட்டேன் போலிருக்குது, அதோட போட்டோவையும் எனக்கு அனுப்பி வெச்சாரு."

"ஆட்டை ஸ்கேன் பண்ணிப் பாத்தீங்களா?" என்றான் இன்னாசி.

"இன்னாசி," என்றார் தீர்த்தம்மாள்.

"சரிங்கக்கா."

*

தீர்த்தம்மாள் மேஜை அருகே போனார். பழைய கம்ப்யூட்டர். மானிட்டருக்குச் சாமந்தி மாலை, பெட்டிக்குத் திருநீற்றுப் பட்டை. மவுஸுக்குக்கூட இரண்டு பொத்தானிலும் சந்தனம் வைத்து, நடுவே குங்குமம். கீபோர்டில் ஒரு பல் விழுந்திருந்தது.

"இந்த ஓட்டை என்ன?"

"டிலீட் பட்டனுங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருக்கா முழங்கை பட்டு ஒரு கபடி டீமே போயிருச்சு. அன்னிக்கே புடுங்கி எறிஞ்சுட்டேன்."

"அப்ப ஒண்ணை அழிக்கணும்னா?"

"மவுஸுல ரைட் பட்டனை அமுக்கினா ஒரு பட்டியல் வரும், அதுல அழிச்சுக்குவேன். வேற வழி எனக்குத் தெரியாதுங்க."

"எப்பக் கடைசியா அந்த முகங்களைப் பாத்தீங்க?"

"நேத்து காலை பதினோரு மணிக்கு. அப்புறம் பூஜைச் சாமான் வாங்கப் போயிட்டேன். இவ கடையைக் கழுவுனா. அஞ்சு மணிக்குச் சாமி கும்புட்டோம். இன்னிக்குக் காலையில மறுபூஜை முடிச்சு, சூடம் காட்டி, ஸ்விட்சைப் போட்டேன். டபுள் கிளிக் பண்ணிப் பாத்தேன். காணோம். கண்ணு இருட்டிருச்சு. விழறப்ப ஒயரைப் புடிச்சேன் போலிருக்குது, பிளக்கு கையோட வந்துருச்சு."

"மயக்கம் போட்டு நல்லது செஞ்ச ஆளு நீங்கதான்," என்றார் தீர்த்தம்மாள். "அது என்ன, மேஜை மேல சின்ன கார்டு?"

"கோயில் திருவிழா வீடியோங்க, நாலு மணி நேரம். விஜயதசமிக்கு மொத வேலையா கம்ப்யூட்டருல ஏத்தலாம்னு எடுத்து வெச்சிருந்தேன்."

தீர்த்தம்மாள் அந்தக் கார்டை எடுத்து, பாம்புக் குட்டியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து, இன்னாசியின் சட்டைப்பையில் போட்டார். "இது இந்தக் கடைக்குள்ள இருக்கக்கூடாது."

பிறகு மவுஸைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார். இன்னாசியும் குனிந்தான். இடது பொத்தானில் குங்குமம் கலைந்து, விரல் ரேகை பதிந்திருந்தது. காலையில் முத்துராஜ் அழுத்தியது. வலது பொத்தானில் குங்குமம் பௌர்ணமி மாதிரி முழுசாக இருந்தது.

"வலது பக்கம் ஏறவே இல்ல," என்றான் இன்னாசி.

"அதான். நேத்து அஞ்சு மணிக்குப் பொட்டு வெச்சதுக்கு அப்புறம் இந்தப் பக்கத்தை யாரும் தொடல. தொடாம அழிக்க இந்தக் கடையில வழி இல்ல. அப்ப அழிஞ்சது பதினோரு மணிக்கும் அஞ்சு மணிக்கும் நடுவுல."

"அருளு!" என்று கத்தினாள் மலர்விழி. "மத்தியானம் பூசணிக்கா எங்க வாங்கினீங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தான் மேடம்! எதுத்த கடைக்காரன். எங்க டிசைனைத் திருடித் திருடியே கடை நடத்தறவன்!"

தீர்த்தம்மாள் வாயைத் திறப்பதற்குள் அவள் தெருவைத் தாண்டியிருந்தாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சட்டைக் காலர் இருந்தது. காலருக்குள் அருள்குமார் இருந்தான்.

"என்னுங்க இது, நல்ல நாளும் அதுவுமா?" என்றான் அருள்குமார். அவன் முகத்தில் பயத்தைவிட மனவருத்தம்தான் அதிகம் இருந்தது.

"நீங்க முத்துராஜோட டிசைனை எடுப்பீங்களா?" என்று கேட்டார் தீர்த்தம்மாள்.

"எடுப்பேங்க. மறைக்கிறதுக்கு என்ன இருக்குது? ஊருக்கே தெரியும். அவுரு டீ குடிக்கப் போறப்ப வந்து பென் டிரைவுல எடுத்துக்குவேன். ஆனா அழிப்பனுங்களா? அவுரு போட்டாத்தானே நான் பாத்துப் போட முடியும்? இந்தக் கடை மூடினா அடுத்த வாரமே நானும் ஷட்டரை இறக்கணும்."

இதைவிட நேர்மையான வாக்குமூலத்தை இன்னாசி கேட்டதில்லை.

"நேத்து எடுக்க வந்தீங்களா?"

"நேத்தா? ஆயுத பூஜையன்னிக்கு யாருங்க தொழில் செய்வா?" அருள்குமார் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினான். அதன் மேல் காய்ந்த சந்தனமும் ஒரு குங்குமப் பொட்டும் இருந்தன. "இதுவும் சாமிகிட்டதான் இருந்துச்சு. மறுபூஜை முடிச்சு இப்பத்தான் எடுத்தேன்."

மலர்விழி காலரை விட்டாள். தொழிலில் இத்தனை பக்தி இருப்பவனை எப்படிச் சந்தேகப்படுவது?

"இன்னும் ஒண்ணுங்க," என்றான் அருள்குமார், சட்டையை நீவிக்கொண்டே. "ரெண்டு மாசமா இவுரு கம்ப்யூட்டருல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. டி டிரைவு, ஈ டிரைவு எல்லாம் தொறந்து பாத்துட்டேன். தொடைச்சு வெச்ச மாதிரி கெடக்குது. நானே ரெண்டு மாசமா சொந்தமா யோசிச்சு டிசைன் போட்டுக்கிட்டு இருக்கேன். கஸ்டமரு ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க."

தீர்த்தம்மாள் முத்துராஜின் பக்கம் திரும்பினார். "முகங்களை எங்க வெச்சிருந்தீங்க?"

"டி டிரைவுலங்க."

"அங்க ஒண்ணும் இல்லன்னு திருடனே சொல்றாரு. திருடன் சாட்சி பொய்யாகாது. எங்க வெச்சீங்க?"

முத்துராஜ் சாமந்தி மாலையைப் பார்த்தான். மலர்விழியைப் பார்த்தான்.

இன்னாசிக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. "நான் பஸ்ஸுல இருந்தப்ப எங்க டிரைவரு என் சோத்துப் போசியை விட்டுவைக்க மாட்டாருங்க," என்று ஆரம்பித்தான். "சீட்டுக்கு அடியில வெச்சாலும் எடுத்துருவாரு, டாப்புல வெச்சாலும் எடுத்துருவாரு. கடைசியில வாந்தி எடுக்கறவங்களுக்குன்னு வெச்சிருந்த பக்கெட்டுல வெச்சேன். புதுப் பக்கெட்டுதான், ஆனா அவுருக்குத் தெரியாதில்ல? நாலு வருசம் நிம்மதியாச் சாப்பிட்டேன்."

தீர்த்தம்மாள் அவனை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாசி, நீ சில நேரத்துல தெரியாமலே வேலை செஞ்சிடற." பிறகு முத்துராஜிடம், "குப்பைத் தொட்டியிலயா வெச்சீங்க?"

முத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாங்க. கம்ப்யூட்டருக்குள்ள இருக்குமே, அந்தக் குப்பைத் தொட்டியில. தினம் வேலை முடிஞ்சதும் அதுக்குள்ள தள்ளிருவேன். மறுநாள் காலையில திரும்ப எடுத்துக்குவேன். எந்தத் திருடனும் குப்பையில கையை வுட மாட்டான்னு..."

"அட!" என்றான் அருள்குமார். அந்த 'அட'வில் மரியாதை இருந்தது.

"சரி, குப்பையில கை வுடறவங்க யாரு?" என்று கேட்டுவிட்டுத் தீர்த்தம்மாள் மேஜைக்கு அடியில் கையை விட்டு ஒரு பொருளை வெளியே இழுத்தார். கடையின் நிஜமான குப்பைத் தொட்டி. பச்சை பிளாஸ்டிக். உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, வயிற்றில் மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, விளிம்பில் ஒரு சாமந்திப் பூவும் செருகியிருந்தது.

"இதுக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

"நாந்தான் மேடம்," என்றாள் மலர்விழி பெருமையாக. "ஃபேன், ஷட்டரு, மேஜைக்கு அடி, ஒண்ணையும் வுடல. ஆயுத பூஜையன்னிக்குக் கடையில ஒரு பொட்டுக் குப்பை இருக்கலாமா? வெளிய இருந்ததையும் கொட்டிட்டேன், அந்த டிவியில தெரியற தொட்டியில ரொம்பி வழிஞ்சதையும்..."

அவள் நிறுத்தினாள்.

கடைவீதியில் எங்கோ ஒரு லாரி எலுமிச்சம்பழத்தின் மீது ஏறியது. அது நசுங்கும் சத்தம் கடைக்குள் தெளிவாகக் கேட்டது என்று இன்னாசி பிற்பாடு பலரிடம் சத்தியம் செய்தான்.

"மகளிர் குழுவுல கம்ப்யூட்டர் டிரெய்னிங் குடுத்தாங்க," என்றாள் மலர்விழி. அவள் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "மொத நாளு பாடமே அதுதான். குப்பையைச் சேர விடாதீங்க, அப்பப்பக் கொட்டிடுங்கன்னு. சர்ட்டிபிகேட்டு கூட இருக்குது. நெஜமாவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கினேன்."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். ஐந்து விரலையும் தனித்தனியாகப் பார்த்தாள்.

முத்துராஜ் எழுந்து நின்றான். இன்னாசி குறுக்கே போகத் தயாரானான். ஆனால் முத்துராஜ் சொன்னது இவ்வளவுதான்: "நான் உங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்," என்று சொல்லிவிட்டு மலர்விழி அழ ஆரம்பித்தாள். "அந்தப் புள்ளையோட அம்மாவைப் போய் நான் குப்பையில கொட்டிட்டனே."

*

"யாரும் அழ வேண்டியதில்ல," என்றார் தீர்த்தம்மாள். "கம்ப்யூட்டரு ஒரு சோம்பேறி. கொட்டுன்னு சொன்னா கொட்டாது. பட்டாவுல பேரை மட்டும் அடிச்சு வெச்சுக்கும். வூடு அங்கயேதான் நிக்கும். வேற ஒருத்தன் வந்து அதே எடத்துல வூடு கட்டினாத்தான் பழைய வூடு இடியும்."

"சீட்டுல போட்ட துண்டைத்தான் எடுத்திருக்குது, ஆளு உக்காந்துதான் இருக்காருன்னு சொல்றாங்க," என்று இன்னாசி மொழிபெயர்த்தான்.

"வேற எந்த நாளா இருந்திருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள நாலு கல்யாணத்தை அது மேல கட்டியிருப்பீங்க. நேத்து ஆயுத பூஜை, மெஷினுக்கு லீவு. இன்னிக்குக் காலையில அந்த வீடியோவை ஏத்தியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். அதுக்குள்ள இவுரு மயக்கம் போட்டுட்டாரு. இதுக்குள்ள இருக்கற டிஸ்க்கைக் கழட்டி இன்னொரு கம்ப்யூட்டருல மாட்டி, அங்கிருந்து தேடணும். இதுல ஒரு எழுத்துகூடப் புதுசா எழுதக்கூடாது. பக்கத்துல வேற கம்ப்யூட்டரு யாருகிட்ட இருக்குது?"

எல்லாரும் அருள்குமாரைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போகத்தான் அவன் தினமும் வர்றான்," என்றான் முத்துராஜ். "இன்னிக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கணுமா?"

கொண்டுபோய்க் கொடுத்தான். டிஸ்க்கை மலர்விழி முந்தானையில் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்தாள். இன்னாசி முன்னால் நடந்து, இரு பக்கமும் கை காட்டி, வந்த மினி பஸ்ஸை விசில் அடித்து நிறுத்தினான். அந்த டிரைவர் பழைய விசுவாசத்தில் பத்து நிமிஷம் கிளப்பவே இல்லை.

தேட ஆரம்பித்தபோது மணி பத்தரை. திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. நத்தை ஒன்று பார்த்திருந்தால் ஹாரன் அடித்திருக்கும். தர்மபுரியில் பேனர் அடிக்கிற பிரிண்டர்காரர் பண்டிகைக்காக மூன்று மணிக்கெல்லாம் மூடிவிடுவார். மாதேஸ்வரன் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்கார்ந்திருந்தார். பொரி மடியில்.

பன்னிரண்டே முக்காலுக்கு முகங்கள் வர ஆரம்பித்தன. பேர் எல்லாம் போய், வெறும் நம்பர்களாக வந்தன. எட்டாயிரத்து நானூறு படம். மூன்று வருஷத்துக் காதுகுத்து, கபடி, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி.

"இந்தக் கண்ணீர் அஞ்சலி ஆளை நேத்துகூட சந்தையில பாத்தனே," என்றான் இன்னாசி.

"ஆர்டரு குடுத்த பொறவு பொழைச்சுக்கிட்டாருங்க," என்றான் முத்துராஜ். "கேன்சலு."

ஆனால் முழுப் பேனர் ஃபைல் திறக்கவில்லை. காலையில் ஸ்விட்ச் போட்டபோதே அதன் இடத்தில் என்னவோ கொஞ்சம் எழுதப்பட்டுவிட்டது. பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். முத்துராஜ் மறுபடி தரையில் உட்காரப் பார்த்தான்.

"தனித்தனி முகம் இருக்குதில்ல?" என்றான் அருள்குமார். "தள்ளி உக்காருங்க. நீங்க வரிசை சொல்லுங்க, நான் ஒட்டறேன். உங்க ஸ்டைலு எனக்கு அத்துப்படி."

"வரிசை அந்த ஃபைலுலதானே இருந்துச்சு! எனக்கு எப்படிடா ஞாபகம் இருக்கும்?"

அப்போதுதான் மாதேஸ்வரன் வாயைத் திறந்தார். காலையிலிருந்து அதில் பொரி மட்டும்தான் போயிருந்தது; எதுவும் வெளியே வரவில்லை.

"மேல் வரிசை. எடது பக்கத்துலருந்து. பெரிய மாமன் தர்மன். அவுனுக்கு வலப்பக்கம் சின்ன மாமன் மாது. நடுவுல எடம் வுடு..."

அவர் நிறுத்தவில்லை. ஏரியூர், பெரும்பாலை, சித்தேரி, காரிமங்கலம் என்று ஊர்வாரியாக, பங்காளி மச்சான் முறைவாரியாக, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யாரை யார் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பது உட்பட, ஒரு காகிதம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். அருள்குமாரின் கை திரையில் பறந்தது. மலர்விழி எட்டாயிரம் படத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அழிப்பதற்கு மட்டுமல்ல, தேடுவதற்கும் அந்தக் குழுவில் பாடம் நடத்தியிருந்தார்கள்.

நூற்றுப் பதினாறு வரை ஆயிற்று. மணி ஒன்று ஐம்பது.

"அந்த நடுவுல வுட்ட எடத்துக்கு," என்றார் மாதேஸ்வரன்.

மலர்விழி தேடினாள். பத்து நிமிஷம். இன்னாசி ஏழு ஜோக்குகளை யோசித்து ஏழையும் விழுங்கினான். பிறகு 6203 என்ற நம்பரை மலர்விழி திறந்தாள்.

வலது பக்கம் மூக்குத்தி. லேசாகத் தூக்கிய புருவம். போட்டோ எடுக்கிறவர் என்னவோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும்; சிரிப்பு உதட்டுக்கு வந்து அங்கேயே நின்றிருந்தது.

மாதேஸ்வரன் எழுந்தார். மடியிலிருந்த பொரி முழுவதும் தரையில் கொட்டியது. "அவதான்," என்றார்.

மலர்விழி துடைப்பத்தை எடுக்கவில்லை.

*

பொட்டு வைத்த பென் டிரைவோடு பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரிக்கு இன்னாசி எவ்வளவு நேரத்தில் போனான் என்பதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. கிளம்பியது இரண்டே காலுக்கு என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். பதினாலு நிமிஷத்தில் போனதாக அவன் சொல்கிறான். அந்த டி.வி.எஸ். வண்டியைத் தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. எப்படியோ மூன்றுக்குள் போய்விட்டான்.

ஆறரை மணிக்கு ஏரியூர் மண்டப வாசலில் பேனர் நின்றது. எல்லாரும் வந்து தங்கள் முகத்தைத் தேடினார்கள். கண்டுபிடித்தார்கள். அடுத்தவர் முகத்தோடு அளவு பார்த்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஏரியூர் வட்டாரத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

ஜெயபிரியா பட்டுச்சேலையோடு வந்து நின்றாள். நடுவே அவளும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே, இரண்டு மாமன்களுக்கும் நடுவில், தாம்பாளத்தைவிடப் பெரிதாக மாதம்மாள். மேலே அம்மாவுக்கும் கீழே நின்ற மகளுக்கும் ஒரே பக்கம் மூக்குத்தி. பெண் அழைக்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் மேளத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

மலர்விழி பின்னால் போய் நின்றாள். "நாந்தான் கண்ணு அழிச்சேன்," என்றாள்.

"நீங்கதான் கண்டுபுடிச்சீங்கன்னு அப்பா சொன்னாருக்கா," என்றாள் ஜெயபிரியா. மலர்விழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஐந்தும் பத்திரமாக இருந்தன.

இன்னாசிக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டத்தைப் பார்த்தால் தலையை எண்ணாமல் நகர முடியாது. பேனரை எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"அக்கா, ஒரு டிக்கெட்டு அதிகமா இருக்குது. பொண்ணு மாப்பிள்ளை போக நூத்திப் பதினெட்டு."

தீர்த்தம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாவது வரிசையில், கோட்டு போட்ட ஒரு சித்தப்பாவுக்கும் மீசை வைத்த ஒரு பெரியப்பாவுக்கும் நடுவில், அதே அளவு வட்டத்துக்குள், கம்பீரமாகப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான் ராக்கெட். மாதேஸ்வரன் அனுப்பிய அந்த ஆட்டுப் போட்டோவும் மற்றப் படங்களோடு மீண்டு வந்திருந்தது; தாடி இருந்ததால் அவசரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதில் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்து. விருந்துக்கென்று வளர்த்து, மண்டப வாசல் பக்கம் நீளக் கயிற்றில் கட்டியிருந்த கிடா அதுதான். கிடாயைப் பார்த்து வைக்கலாம் என்று சமையல்காரர் ஏற்கெனவே வந்து நின்றார். மாதேஸ்வரன் பேனரைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார்.

"பேனருல மூஞ்சி வந்துட்டா ஒறவு," என்றார். "ஒறவை எப்படிங்க வெட்டறது? கோழியைப் பாருங்க."

விருந்தில் நாட்டுக்கோழி நன்றாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். பேனர் வைத்த அந்தச் சாயங்காலமே ராக்கெட் மண்டப வாசலில், மற்ற உறவுக்காரர்களைப் போலவே, தன் படத்துக்குக் கீழே வந்து நின்றது. அண்ணாந்து பார்த்தது. பிறகு பேனரின் அடி ஓரத்தை மெல்ல முகர்ந்தது.

"இன்னாசி," என்றார் தீர்த்தம்மாள், காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே. "கயித்தை ரெண்டு முழம் கொறைச்சுக் கட்டு. அதுக்குள்ள போனா மட்டும் என்னால திரும்ப எடுக்க முடியாது."